இரண்டு வருட பாக்கி

நானும் என் தங்கையும் இரட்டைப் பிறவிகள். ஒரே மூக்கு, ஒரே நெற்றி, இடது கன்னத்தில் ஒரே இடத்தில் மச்சம். வீட்டில் என்னைப் பெரிசு என்றும் அவளைச் சின்னது என்றும் கூப்பிட்டார்கள். சில நிமிடங்கள் முந்திக்கொண்டு பிறந்ததற்காக எனக்குக் கிடைத்த பட்டம் அது. நாற்பதைத் தாண்டியதும் பட்டத்துக்கு அர்த்தம் வந்துவிட்டது. எங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள், எனக்குப் பத்து வயதாவது கூடுதல் இருக்கும் என்றார்கள்.

அதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. நான் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறேன். கூரை தலைக்கு மேல் இருக்கிறது, ஆனால் வெயில் பக்கவாட்டில் வருகிறது. கீழே சூடு, முகத்துக்கு நேரே லாரிப் புகை. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. குளிர்ச்சியான அறையில், வருகிறவர்களுக்கு ஃப்ரேமை மாட்டிவிட்டு, “காதுல அழுத்துதா?” என்று கேட்கிற உத்தியோகம். இரண்டு முகத்தை எடுத்து ஒன்றை வெளியிலும் ஒன்றை உள்ளேயும் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது.

ஒருநாள் எனக்குக் கண்ணாடி வாங்க அவள் கடைக்குப் போனேன். நான் உட்கார்ந்திருந்தேன், அவள் பின்னால் நின்று ஃப்ரேமைச் சரி செய்துகொண்டிருந்தாள். எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் எங்கள் இருவர் முகத்தையும் ஒன்றாகப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், லாட்டரி விழுந்தவரைப் போல எழுந்து வந்தார். ஏதோ மாத்திரைக் கம்பெனியின் விளம்பரக்காரராம்.

“வெட்டி வெச்ச ஆப்பிள் ஏன் கறுக்குது? இரும்பு ஏன் துருப்பிடிக்குது?” என்று எங்களைக் கேட்டார். அவரே பதிலும் சொன்னார். “மனுஷ உடம்பும் அதே மாதிரி உள்ளுக்குள்ள துருப்பிடிக்குதும்மா. சுருக்கம், நரை, நோய் எல்லாம் அதனாலதான். ஆன்டி-ஆக்ஸிடன்ட் அதைத் தடுத்து நிறுத்துது. ஒரு பெரிய பாத்திரம் பச்சைத் தேயிலை டீயில இருக்கற சத்தை ஒரே ஒரு மாத்திரையில அடைச்சிருக்கோம்.”

சொல்கிறவருக்கே தலை வழுக்கை, கண்ணுக்குக் கீழே பை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டோம். வேலை முடித்து வந்த கோலத்தில், முகம்கூடக் கழுவவிடாமல் என்னைப் படம் எடுத்தார்கள். அவளுக்கு மட்டும் மை என்ன, பவுடர் என்ன, நாலு பக்கமும் விளக்கு என்ன! பஸ் நிறுத்தங்களில் எல்லாம் போஸ்டர் வந்துவிட்டது. இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். கீழே கொட்டை எழுத்தில்: ‘அன்று. மாத்திரை சாப்பிட்டு இரண்டு வருடம் கழித்து இன்று. ஒரே பெண்.’

நான் என் தங்கையின் கடந்த காலமாகிவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி பங்க்கில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். என்னை ஒருவர்கூட அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. ‘அன்று’ பக்கத்தை எவன் பார்க்கிறான்?

சின்னதுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் தவறுதலாகக் கூடப் போட்ட மார்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போன ஜென்மம் அது. ஒரு பொய் சொல்லிவிட்டால் அன்று சாப்பாடு தொண்டையில் இறங்காது. அவளுடைய வேலையோ ஜனங்களின் முகத்துக்கு வெகு அருகில் நின்று செய்கிற வேலை. கண்ணாடி வாங்க வந்த பெண்கள் எல்லாம், “போஸ்டர்ல இருக்கறது நீங்கதானே? நெஜமாவே அதைச் சாப்பிடறீங்களா?” என்று அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டார்கள். ஒரு மாதம் தவித்தாள். பிறகு விளம்பரக்காரர் இலவசமாகக் கொடுத்திருந்த பெட்டியை உடைத்து மாத்திரை போட ஆரம்பித்தாள்.

“இப்ப கேட்டா தைரியமா ஆமான்னு சொல்லுவேன்” என்றாள்.

“ரெண்டு வருஷமா சாப்பிடறேன்னு போட்டிருக்கான்டி. நீ நேத்துதான் டப்பாவைத் திறந்தே.”

“அதுக்குத்தான் பழைய பாக்கியையும் சேர்த்துப் போடறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் ஜென்மத்தில் ஒரு தடவைகூட விளையாட்டுக்குப் பேசியதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, வீட்டுக்குள்ளும் லேசான நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடமாடினாள். கேட்டதற்குக் கடையில் புது மாடல் வந்திருக்கிறது என்றாள். அப்படிச் சொல்லும்போதே குரல் தடுமாறியது. பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் அப்படித்தான். எட்டி அந்தக் கண்ணாடியைப் பிடுங்கினேன். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் காலி டப்பாக்கள் குவிந்து கிடந்தன. மூன்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “இதெல்லாம் விஷம்தானே டாக்டர்?”

“அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாதும்மா. ஆன்டி-ஆக்ஸிடன்ட் உடம்புக்கு வேண்டியதுதான். பழம், காய், ரெண்டு கப் டீ, இதுல வர்றது நல்லதே. அதையே கெட்டியா வடிச்சு இப்படிக் கை கையா உள்ள தள்ளினா, சில பேருக்குக் கல்லீரல் தாங்காது. உங்க தங்கச்சிக்குத் தாங்கலை.” கொஞ்சம் நிறுத்தினார். “வேகமாக் கெட்டுக்கிட்டே போகுது. மாத்துக் கல்லீரல் வெச்சாத்தான் பிழைப்பாங்க. அதுக்கும் நாள் நிறைய இல்லை.”

அவருடைய அடுத்த வார்த்தையில் போன உயிர் திரும்பி வந்தது. நாங்கள் இரட்டையர், ஒரே அச்சு என்று தெரிந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. என் கல்லீரலில் ஒரு துண்டை அறுத்து வைத்தால், அவள் உடம்பு அதைத் தன்னுடையது என்றே எடுத்துக்கொள்ளுமாம். இந்த மூஞ்சியால் ஒரு வழியாக ஓர் உபயோகம் வந்தது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன்.

அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். படுக்கையில் மஞ்சள் துணி போலக் கிடந்தாள்.

“உன்னை வெட்டுவாங்களேக்கா.”

“வெட்டட்டும். திரும்ப வளந்துடுமாம். பல்லி வால் மாதிரி.”

சிரித்தாள். அதுதான் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு என்றால் நன்றாக இருந்திருக்கும். இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் என் ரத்தப் பரிசோதனைத் தாள்.

“நீங்களும் அதைச் சாப்பிடறீங்களா?”

“நானா? அந்தக் கருமத்தைக் கையாலகூடத் தொட மாட்டேன்.”

“உங்க கல்லீரலும் வீங்கியிருக்கும்மா. தங்கச்சி அளவுக்கு இல்லை. ஆனா இந்த நிலைமையில உங்களை அறுத்தா ரெண்டு பேருமே போயிடுவீங்க. நல்லா யோசிங்க, வேற ஏதாவது மருந்து, குடி...”

குடியாவது ஒன்றாவது! எழுந்து வந்துவிட்டேன். சமீபமாக எனக்குக் குமட்டல் இருந்தது உண்மை. பெட்ரோல் வாடை என்று நினைத்திருந்தேன். தாளை மாற்றிவிட்டார்கள், சின்னதின் ரத்தத்தை என் பெயரில் எழுதிவிட்டார்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே அவள் படுக்கைக்கு வந்தேன். அவளுக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து கேட்டேன்.

“ஏன்டி, அந்த மாத்திரையை எனக்கு எதுலயாவது போட்டியா?”

திருட்டுத்தனம் பிடிபட்ட குழந்தை போலப் பார்த்தாள். “டீயில.”

தினமும் பங்க்கிலிருந்து வந்ததும் அவள் கையால் ஒரு டம்ளர் டீ குடிப்பேன்.

“மாத்திரையோட மேல்கூட்டைப் பிரிச்சுப் பொடியைக் கொட்டிக் கலக்கிடுவேன். கசப்பு தெரியக் கூடாதுன்னு சர்க்கரையை அள்ளிப் போடுவேன். நீ கண்டுபிடிச்சா கத்துவே.” மூச்சு வாங்கியது. “போஸ்டர்ல உன் மூஞ்சியைப் பாக்கறப்பல்லாம் மனசு கேக்காதுக்கா. நான் மட்டும் அந்தப் பக்கம் நின்னா நல்லாவா இருக்கு? நீயும் இந்தப் பக்கம் வந்துடணும்னு நெனச்சேன்.”

அவளை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்துக் கதற வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் கை என் கன்னத்தைத் தடவியது, ஃப்ரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போல.

“உனக்கு ஒண்ணும் ஆகலையே? ரத்தம் எடுத்தாங்களே, நல்லா இருக்குன்னாங்களா?”

“நல்லா இருக்காம். தங்கம் கணக்கா இருக்காம் என் ஈரல்.”

“பாத்தியா, வேலை செஞ்சிருக்கு.” அப்போதுதான் அந்த இன்னொரு சிரிப்பு. “எப்போ ஆபரேஷன்?”

“நாளைக்குக் காலையில” என்றேன், கண் இமைக்காமல்.

நல்லவேளை, பொய்யைக் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியாது. நிம்மதியாகக் கண்ணை மூடினாள். வேறு யாருடைய கல்லீரலாவது கிடைக்குமா என்று டாக்டரம்மா போன் மேல் போன் போட்டார். எதுவும் வரவில்லை. நாளைக்குக் காலையில் ஆபரேஷன் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் அவள் கேட்கவில்லை.

விளம்பரக்காரர் மாலையோடு வந்தார். வந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பவுடர் பூசினால் இந்த முகமும் ‘இன்று’ ஆகிவிடுமே என்று அவர் மனதில் ஓடிய கணக்கு எனக்குத் தெரியும். மாலையை வாங்காமல் கதவைச் சாத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து, டாக்டரம்மா சொல்லியிருந்தபடி மறுபடியும் ரத்தம் கொடுத்துவிட்டு, தாளோடு அவர் எதிரே உட்கார்ந்தேன். அவள் போனதிலிருந்து நான் டீயே குடிக்கவில்லை. அவர் வரிவரியாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“எல்லாம் சுத்தமா சரியாயிடுச்சும்மா. வீக்கம் கொஞ்சம்கூட இல்லை. இப்ப உங்க கல்லீரல் தாராளமா இன்னொருத்தருக்குக் கொடுக்கற அளவுக்கு நல்லா இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. பேனாவை மூடினார், திறந்தார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

“யாருக்குங்க?” என்று கேட்டேன்.