ரத்ததானச் சங்கத்தில் மூன்று குழுக்கள்

வேலம்பாளையத்தில் துணிகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் சின்ன யூனிட் நடத்திவந்த சென்னிமலை, ரத்ததானச் சங்கத்தை ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சங்கம் என்றால் அவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் போனை எடுப்பது, ரத்தம் கொடுப்பவரைத் தேடிப் பிடிப்பது, பைக்கில் ஏற்றிக்கொண்டு போவது, ஜூஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்ப வீட்டில் விடுவது எல்லாம் அவரே.

2006 சித்திரையில் கூடிய கூட்டத்தில், எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் சத்யப்பிரியா எழுந்தாள்.

“அண்ணா, நீங்க காய்ச்சல்ல படுத்த வாரம் நாலு பேருக்கு ரத்தம் கிடைக்கலீங்க. இனி குழுவாப் பிரிச்சுக்கலாமுங்க. போன் எடுக்க ஒண்ணு, ஆளைக் கூட்டீட்டுப் போக ஒண்ணு, பட்டியலைச் சரிபாக்க ஒண்ணு.”

எல்லோரும் கை தூக்கினார்கள். சென்னிமலையும் தூக்கினார். ஆனால் முகம் தொங்கிவிட்டது. சங்கத்துப் போன் கட்டிங் மாஸ்டர் ராபின் கைக்குப் போயிற்று. நாகர்கோவிலிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகவில்லை, இவனுக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும் என்று மனசுக்குள் பொருமினார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, வெள்ளகோவிலில் மச்சினன் மகள் கல்யாணம். மண்டபத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போய் ராபினைக் கூப்பிட்டார். மூன்று தடவையும் லைன் பிஸி. நாலாவது தடவை யாரும் எடுக்கவில்லை.

“ஏனுங்க, சாப்பிட்டுட்டாவது போங்க” என்று மனைவி பொன்னாத்தாள் சொல்லச் சொல்ல, பஸ் ஏறிவிட்டார்.

ரத்தம் கேட்டு அடிக்கடி போன் வரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனார். பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் அழுது சிவந்த கண்ணோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பேர் மூக்கையா. பனியன் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அவன் இவரை நிமிர்ந்து பார்த்தான்.

“அண்ணே, நீங்களும் ரத்தங் குடுக்க வந்தீகளா? ரெண்டு பாட்டிலும் குடுத்துட்டாக. எம் பொண்டாட்டி கருத்தம்மா பொழச்சுட்டாண்ணே! பொட்டப்புள்ள பொறந்திருக்கு. ராபின்னு ஒரு அண்ணன், முன்னப்பின்ன பாத்ததே இல்ல, அவருதான் ஆளத் தேடிப் புடிச்சாரு.”

சென்னிமலை யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. “சந்தோசமுங்க” என்றார்.

ஜூஸ் பாக்கெட்டுகளோடு வந்த ராபின் அவரைக் கண்டதும் பதறிவிட்டான்.

“அண்ணாச்சி, கோவிக்காதீங்க, போன எடுக்க முடியல. நீங்க பேர் எழுதி வச்சிருந்த நோட்டுல ஓ நெகட்டிவ் மூணு பேரு இருந்தாங்க. ஒருத்தர் பெங்களூர் போயாச்சு, ஒருத்தருக்குச் சர்க்கரை, இன்னொருத்தர் போனே எடுக்கல. பட்டியல் குழு போன வாரம் புதுசா எழுதிட்டு வந்ததுல ரெண்டு பேரு சிக்கினாங்க. ஆளைக் கூட்டிட்டு வர்ற குழுவுல உள்ள குணாவும் ஆஷாவும் ஆளுக்கொரு வண்டியில போய்க் கூட்டிட்டு வந்துட்டாங்க.”

நான் ஒருவனாகவே அலைந்திருந்தால் இந்நேரம் அந்தப் பெங்களூர் போனவன் வீட்டுப் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பேன் என்று சென்னிமலைக்கு உறைத்தது. ராபினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருப்பீங்க ராபின். நீங்க எல்லாரும் நல்லா இருக்கோணும்.”

அடுத்த கூட்டத்தில் சத்யப்பிரியா பேசி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

“என்னைப் பட்டியல் குழுவுல போட்டுக்கம்மணி. நான் எழுதுன பேர்ல பாதிப் பேரு இப்ப எங்க இருக்கறாங்கன்னே எனக்குத் தெரியல. ஊடு ஊடாப் போய்க் கேட்டுட்டு வாரேன்.”