மிச்சமிருந்த பெயர்

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் மயில்சாமிக்கும் வசந்தாமணிக்கும் 2003 செப்டம்பரில் பிறந்து, மறுநாளே இறந்துபோன பெண் குழந்தை, ஜனவரியில் குப்புற விழுந்தது. அடுத்த செப்டம்பரில் நடந்தது. கூடப் பிறந்து உயிரோடிருந்தவளும் அதே வாரங்களில்தான் குப்புற விழுந்தாள், நடந்தாள். இறந்தவளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஆபீஸ்காரர்கள் பரிசாகக் கொடுத்த இரண்டு தொட்டில்களில் இரண்டாவதன் மெத்தை காலையில் குழிந்து, தொட்டால் கதகதவென்றிருக்கும். இரண்டாவது பாட்டிலிலும் பால் குறையும். ஷூ வாங்கினால் இரண்டு ஜோடி வாங்க வேண்டும். உயிரோடிருப்பவளுக்கு வலது குதிகால் தேயும், மற்றவளுக்கு இடது. டயபர் விலை ஏறியதைச் சொல்வதுபோல இதையும் வசந்தாமணி பக்கத்து வீட்டாரிடம் சொல்வாள். அவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

எல்லாம் பெயரில்தான் சிக்கிக்கொண்டது. டாக்டர் ஆபீஸில் மயில்சாமியின் முறை வந்தால், நர்ஸ் காகிதத்திலிருக்கும் பெயரை வாசிக்க வராமல் ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுதான் தன் பெயரென்று அவனும் எழுந்து போவான். பிறக்கப்போகும் இரட்டைப் பெண்களுக்கு இந்த வம்பே வேண்டாமென்று வெள்ளைக்காரக் குடும்பப் பெயர்களாக இரண்டைப் பிடித்து வந்தான்: எய்ன்ஸ்லி, கின்ஸ்லி. பெண் குழந்தைக்கு அப்படி வைப்பது அப்போதைய மோஸ்தர். பின்னால் மயில்சாமி என்று அப்பன் பெயர் ஒட்டிக்கொள்ளத்தான் போகிறது, அது வேறு விஷயம். எந்தப் பெயர் யாருக்கு என்று ஏழாம் மாதமே பிரித்துவிடப் பார்த்தான். வசந்தாமணி தடுத்தாள். "வயித்துல இருக்கறப்பவே பேரைப் பங்கு வெக்கக் கூடாதுங்க. பொறக்கட்டும், மூஞ்சியப் பாத்துச் சொல்றேன்."

பிறந்தார்கள். இரண்டும் ஒரே அச்சு. நாளைக்குச் சொல்கிறேன் என்று அசதியில் தூங்கிப்போனாள். மறுநாள் பார்ப்பதற்கு ஒரு முகம்தான் இருந்தது.

"ஏதோ ஒண்ண வெச்சரலாம் வசந்தா" என்றான் மயில்சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இவளுக்கு ஒண்ண வெச்சா, இன்னொண்ணு செத்தவ பேருன்னு ஆயிருமுங்க. எது செத்தவ பேருன்னு நான் எப்புடீங்க சொல்லுவேன்?"

ஐந்து வருடம் இருவருமே பாப்பாதான். பிறப்புப் பதிவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கல்லறைக் கல்லிலும் காலி. ஞாயிறுதோறும் மயில்சாமி அங்கே போய் வெறுங்கல்லைத் துடைத்துவிட்டு, காரில் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவான். வீட்டில் அந்த இரண்டு பெயர்களையும் சொல்லிச் சண்டை போடாத வாரமில்லை. பாப்பா அவர்கள் காலடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள்.

2008 ஆகஸ்டில் பள்ளிக்கூடத்து ஃபாரம் வந்தது. பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள். பேனாவைப் பிடித்தபடி வசந்தாமணி சாப்பாட்டு மேசையில் அரை நாள் உட்கார்ந்திருந்தாள். பாப்பா பக்கத்தில் வந்து ஆங்கிலத்தில் சொன்னாள்: கின்ஸ்லி என்ற பெயரை மற்றவள் எப்போதோ எடுத்துக்கொண்டாளாம். நல்ல பெயரைப் பாப்பாவே அவளுக்கு விட்டுக் கொடுத்துவிட்டாளாம், ஏனென்றால் அம்மாவுக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்குமாம். தனக்கு மிச்சமிருக்கிற பெயர் போதுமாம்.

வசந்தாமணி பேனாவைக் கீழே வைத்தாள். இறந்தவளைக் காப்பாற்றுகிறேன் என்று, இருப்பவளை ஐந்து வருடம் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே வளர்த்திருக்கிறாள். மகளை மடியில் இழுத்து, வலது காதில் மூன்று முறை எய்ன்ஸ்லி என்றாள். பிறகு பக்கத்து நாற்காலிப் பக்கம் குனிந்து, கதகதப்பாயிருந்த வெறும் காற்றில் மூன்று முறை கின்ஸ்லி என்றாள். நிமிர்ந்து, ஃபாரத்தில் எய்ன்ஸ்லி என்று எழுதினாள்.

பள்ளி திறந்த அன்று எய்ன்ஸ்லி பஸ்ஸில் ஏறினாள். டிரைவரம்மா இன்னும் யாரோ ஏறுவதற்குக் காத்திருந்துவிட்டுக் கதவை மூடினாள். வீட்டு வாசலில் இரண்டாவது ஜோடி ஷூ இல்லை.

மாலையில் பஸ் திரும்பியது. ஒருத்திதான் இறங்கினாள். வசந்தாமணி படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பள்ளியில் திரும்பப் பஸ் ஏறவில்லை அம்மா, என்றாள் எய்ன்ஸ்லி. மறுநாள் காலை இரண்டாவது கட்டில் விரித்தது விரித்தபடி, சில்லென்று இருந்தது. டம்ளரில் பால் ஆடை கட்டியிருந்தது. அந்த வாரம் மயில்சாமி கல்லறைக் கல்லில் கின்ஸ்லி என்று வெட்டச் சொன்னான்.

2009இல் டிரைவர் மாறினார். புதியவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தினமும் மாலை எய்ன்ஸ்லி இறங்கிய பிறகும் அவர், பின்னால் வரும் வண்டிகளை நிறுத்திவைக்கும் சிவப்பு விளக்கை அணைக்காமல், கதவைத் திறந்தே வைத்திருப்பார். வசந்தாமணி எட்டி உள்ளே பார்ப்பாள். பிறகு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அதுவரை பின்னால் ஆறேழு கார்கள் நிற்கும். இதுவரை ஒருவரும் ஹார்ன் அடித்ததில்லை.