பன்னிரண்டு வரை

பூஜ்யத்துக்கு எதிரே அம்மா, ஒன்றுக்கு எதிரே அத்தை என்று, வேனில் போகிறவர்களின் பட்டியலை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். கடைசியில் பன்னிரண்டுக்கு எதிரே 'நான்' என்று எழுதிச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

பூஜ்யத்திலிருந்து எண்ணுவது ஆய்வுக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் எண்பது துகள்கள் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று குவாண்டம் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. ஒன்றைத் தவறவிட்டாலும் விடை பொய்யாகிவிடும். "பூஜ்யத்துல ஆரம்பிச்சா கடைசி ஆள் எங்கடி போவான்?" என்று அப்பா கிண்டல் செய்வார்.

அந்தக் கணினியை ஓட்ட மூன்று மாதம் தவம் கிடந்து கிடைத்த நேரம் இன்று நாலு மணி. மின்மயானத்தில் கொடுத்திருந்ததும் அதே நாலு மணி. காலையிலிருந்து அம்மா அவள் மணிக்கட்டை விடவேயில்லை. இங்கிருந்து யாராவது தன்னை விடுவித்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்பாவை வண்டியில் ஏற்றும்போது கைபேசி அடித்தது. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூட வேலை பார்க்கும் தோழி.

"என்னடி பண்றது? நீ இல்லாம ஓட்ட முடியாதே."

"அப்பாவ எடுத்துட்டாங்கடி." அப்பாவின் மேசையில் சாய்ந்துகொண்டாள். "அந்த நேரத்த வேற யாருக்காவது குடுத்துடு."

அழுது முகம் கழுவி வெளியே வந்தபோது வீடு வெறிச்சோடியிருந்தது. வாசல் கதவு வெளியே பூட்டியிருந்தது. சித்தப்பாவை அழைத்தாள்.

"நீ பின்சீட்ல இல்லையா? பட்டியல் பன்னெண்டுல முடிஞ்சுது. தலைய எண்ணினேன், கரெக்டா பன்னெண்டு இருந்துச்சேம்மா!"

"திரும்பி வாங்க சித்தப்பா."

"அண்ணன் வண்டி முன்னாடி போயிடுச்சு. இப்ப திரும்பினா யாருமே அவர் முகத்த கடைசியா பாக்க முடியாது. சாவி வேற எங்கிட்ட..."

அவருக்குப் பின்னால் அம்மா, "அவ எங்க?" என்று கேட்பது காதில் விழுந்தது.

தோழியிடமிருந்து செய்தி வந்திருந்தது: 'இன்னும் யாருக்கும் குடுக்கல. வீட்லேர்ந்தே ஓட்ட முடியுமா?'

மடிக்கணினி அப்பாவின் மேசைமேல் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. சித்தப்பா கூடத்தில் போட்டுவிட்டுப் போன பட்டியலை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று எழுதினாள். ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினாள். 'நான்' என்பதற்கு எதிரே பதின்மூன்று என்று எழுதி முடித்தபோது, மணி நாலு.