நாற்பத்திரண்டாவது படம்

"வீடு படங்களுக்குத்தான். நாங்க அதுல குடித்தனம் போறோம், அவ்வளவுதான்" என்று டீச்சர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருடைய கணவர், கண் டாக்டர், முப்பது வருடமாக ஓவியங்கள் வாங்கிச் சேர்த்தவர். அடுக்குமாடி வீட்டில் இடம் போதாமல் எல்லாம் பெட்டிபெட்டியாய் ஒரு கிடங்கில் கிடந்தன. புது வீடு கட்ட ஆர்க்கிடெக்டைப் பார்த்த முதல் நாளே நான்கு பக்கப் பட்டியலை அவள் கையில் திணித்துவிட்டார். நாற்பத்தொரு படம். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், எடை, வாங்கிய தேதி.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சட்டை தைப்பதுபோல் படத்துக்குப் படம் அளவெடுத்துச் சுவர் எழுப்பினாள். வெயில் நேராக விழாதபடி உயரத்தில் குறுகிய ஜன்னல்கள் வைத்தாள். கனமான படம் வரும் இடங்களில் சுவருக்குள் பலகை பதித்தாள். டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று, சமையலறையில் ஒரு பெரிய ஜன்னல். அதையும் கொடுத்தபின் வெறும் சுவர் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு முழம்கூட மிஞ்சவில்லை.

படங்கள் வந்த அன்று காலையிலிருந்து தச்சர் மாட்டிக்கொண்டே வந்தார். மதியம் மூன்று மணிக்கு நாற்பத்தொன்றும் சுவரேறிவிட்டன.

"மேடம், இது எங்க?" என்றார் தச்சர்.

வண்டியில் இன்னொரு பெட்டி இருந்தது. பிரித்தால் ஒரு சின்னப் படம். மர நாற்காலி, அதன் முதுகில் ஈரத்துண்டு. கையெழுத்து இல்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "இது என்னோடது இல்லையே."

"எனக்கும் தெரியாதுங்க" என்றார் டீச்சர்.

கிடங்குக்கு ஃபோன் போட்டார்கள். "உங்க பேர்ல நாற்பத்திரண்டு பெட்டி சார். பல வருஷமா அப்படித்தான் இருக்கு" என்றார் மேலாளர்.

ஆர்க்கிடெக்ட் பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டாக்டர் படத்தைத் திருப்பி அனுப்பினார். நான்கே நாளில், வேறு யாரும் உரிமை கேட்கவில்லை என்ற சீட்டோடு அது வாசலில் வந்து நின்றது.

அதன்பின் டாக்டர் ஒரு மாதிரியானார். எந்தப் படத்தை எந்த மழையில் நனைந்து வாங்கினார் என்றுகூடச் சொல்லக்கூடியவர், "யாராவது பேஷன்ட் கொடுத்திருப்பாங்களோ? வாங்கி மறந்துட்டேனா?" என்று அவளையே கேட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவளுக்கும்.

மாடிக் குளியலறையில் ஒரு கசிவு என்று இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எந்தப் படமும் அதனதன் இடத்தில் இல்லை. ஆறடிப் படம் மாடிப்படி ஓரத்தில் முட்டிக்கொண்டிருந்தது. அதற்கென்றே எழுப்பிய நடுக்கூடத்துப் பெரிய சுவரில் அந்தச் சின்ன நாற்காலி மட்டும், கடலில் விட்ட காகிதக் கப்பல்போல.

"என்ன சார் இது?"

"தினமும் ஒரு இடத்துல மாட்டிப் பார்த்தேன்மா. அதை வெச்சா பக்கத்துல இருக்கறது நிக்க மாட்டேங்குது. ஒண்ணொண்ணா நகர்த்தினேன்." திருடி அகப்பட்டவர்போல் சிரித்தார். "உன் வேலையைக் கெடுத்துட்டேனா?"

கெடுத்தாரா, இல்லையா? அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அந்தச் சுவர் முன்னைவிட நன்றாக இருப்பதுபோல் ஒரு கணம் பட்டது. மறுகணம், அத்தனை உழைப்பும் வீண் என்று பட்டது. "தெரியலை சார்" என்று சொல்லிவிட்டுக் கசிவைப் பார்க்கப் போனாள்.

வாசல்வரை வந்த டீச்சரிடம் மெதுவாகக் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க டீச்சர், நீங்க வரைஞ்சதா?"

"நானா? எனக்கு நேரா ஒரு கோடு போட வராது!" டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷத்துல எந்தப் படத்தைப் பத்தியும் அவர் என்கிட்ட கேட்டதில்லை. வாங்கிட்டு வருவார், விலை சொல்வார், அவ்வளவுதான். இப்ப தினமும் கூப்பிட்டு உட்கார வெச்சு, 'இது நல்லா இருக்கா, சொல்லு'ங்கறார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒரு நாள் நல்லா இருக்குங்கறேன். ஒரு நாள் இல்லைங்கறேன். நிஜமாவே தெரியலைம்மா."

உள்ளேயிருந்து, "ஏய், இங்க வாயேன், இப்ப வெளிச்சம் மாறியிருக்கு!" என்று டாக்டரின் குரல் கேட்டது. டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக உள்ளே போனார்.