எழுபத்தொரு கிலோ

முப்பத்தொரு வருடம் தராசு பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்த இரும்பு நெஞ்சு வேண்டும் என்று என் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். தனியாக இருக்க அதைவிடக் கெட்டியான நெஞ்சு வேண்டும். அதைச் சொல்லத்தான் இப்போது ஆளில்லை.

ஓய்வு பெற்ற வருடம் ஒரு பழைய கேம்பர் வேன் வாங்கினேன். உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. டீசலைத்தான் தண்ணீராய்க் குடித்தது. லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர். என் மனைவி அதற்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தாள். அவள் தம்பி, அதாவது என் மச்சான், முதல் நாளே வாசலில் நின்று ஆரம்பித்தான்.

"இரும்புக் கடைக்குப் போற வண்டிய ஏன் மாமா வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க?"

"உன் வேலையப் பாரு" என்றேன். அதோடு எங்கள் பேச்சு நின்றது. அவன் கேட்பதை அவள் என்னிடம் சொல்வாள், நான் சொல்வதை அவள் அவனிடம் சொல்வாள். நடுவில் அவள் கொஞ்சம் சர்க்கரை சேர்த்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் பயணத்திலேயே எனக்கும் மனைவிக்கும் பந்தயம்.

"இவன லிட்டருக்கு ஒம்போது குடுக்க வைக்கிறேனா இல்லையா பாரு" என்றேன்.

"கிழிச்சீங்க! நாம ரெண்டு பேரும் உக்காந்து போறப்ப ஒம்போது குடுத்துட்டான்னா, தம்பி முன்னாடி நின்னு 'என் வீட்டுக்காரர் புத்திசாலி'ன்னு சொல்றேன். குடுக்கலைன்னா நீங்களே அவனுக்கு போன் பண்ணி, 'உங்க அக்கா சொன்னதுதான் சரி'ன்னு சொல்லணும். தராசுக்காரர் வாக்கு, மாறக் கூடாது."

"மாறாது."

பிறகு அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. இரண்டு வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். வண்டி வாசலில் நின்று தூசி வாங்கியது. அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அன்றைக்கு நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். "ஏதாவது சாப்பிடுங்க மாமா" என்றான். தலையசைத்தேன். அவ்வளவுதான். அதன்பின் போன் இல்லை. இடையில் சொல்ல அவள் இல்லையே.

வீட்டில் நானும் சொட்டும் குழாயும்தான். குழாயைச் சரி செய்ய எனக்குத் தெரியும். அந்தச் சத்தமும் போய்விட்டால் என்ன செய்வது என்று விட்டு வைத்தேன். ஒருநாள் காலையில் பொறுக்க முடியாமல் வண்டியைக் கிளப்பி மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். பந்தயத்தையாவது முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "குளவி கூடு கட்டிக் குடும்பமே நடத்துது சார். இஞ்சின் எப்படி மூச்சு விடும்?" பின்சக்கரத்தில் பிரேக் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. டயரில் காற்று பாதிதான். கூரைமேல் இருந்த பெட்டி காற்றை வாங்கி வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது என்றார். "தேவையில்லாத சாமான எல்லாம் இறக்கிடுங்க. அறுபதுக்கு மேல மிதிக்காதீங்க. சோதனைக்கு ஒரே பங்க்ல டேங்க்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பிட்டுப் போயிட்டு வந்து, மறுபடி கழுத்து வரைக்கும் நிரப்புங்க. எவ்வளவு குடிச்சிருக்கான்னு தெரிஞ்சுடும்."

இதை எனக்குச் சொல்லியா தர வேண்டும்? புறவழிச்சாலையில் போய்த் திரும்ப நூற்றிருபது கிலோமீட்டர். ஃபில்டரை மாற்றி டயரில் காற்றடித்ததும் ஏழரை வந்தது. பிரேக் சரியானதும் எட்டரை. கூரைப் பெட்டி, கூடுதல் மெத்தை, அவளுடைய மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். ஒன்பது புள்ளி ஒன்று!

பங்க்கில் நின்றபடி ஜன்னல் வழியாகப் பக்கத்து சீட்டைப் பார்த்து, "பாத்தியா?" என்று கேட்டே விட்டேன்.

சீட் காலியாக இருந்தது. நாம் ரெண்டு பேரும் உட்கார்ந்து போகும்போது என்றல்லவா அவள் சொன்னாள்? அவள் ஏறாத வண்டியில் ஒன்பது காட்டிவிட்டு மார் தட்டுகிறேன். தட்டில் கல்லே வைக்காமல் தராசு சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்துகிற வேலை இது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்து பழைய மேடைத் தராசைத் துடைத்து வைத்தேன். எத்தனை கிலோ போடுவது? ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கடைசியாக எழுதியிருந்தது நாற்பத்து நான்கு. அதைப் போட்டால் நூலிழையில் நான் ஜெயித்துவிடுவேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் பந்தயம் கட்டியவள் அந்த நாற்பத்து நான்கு கிலோக்காரி இல்லை. பந்தயம் கட்டியவள் இதே தராசில் ஒருமுறை ஏறி, எழுபத்தொன்று காட்டியதும், "உங்க தராசு ரிப்பேர்" என்று சொல்லி இறங்கியவள். வெளியே கேட்டவர்களிடம் அறுபத்திரண்டு என்பாள். தராசுக்காரன் பெண்டாட்டி சொன்ன ஒரே பொய் அது.

மூன்று தண்ணீர் கேன்களை நிரப்பினேன். மீதிக்கு என் எடைக்கற்களை ஒரு பையில் போட்டேன். மடக்கு நாற்காலியை உள்ளே ஏற்றினேன். இரண்டு கேன் சீட்டில், ஒன்று கால் வைக்கும் இடத்தில், மடியில் பை. பெல்ட்டை இழுத்து மாட்டினேன். எழுபத்தொன்று, கிராம் பிசகாமல்.

அதே சாலை, அதே அறுபது, அதே பங்க். கழுத்து வரை நிரப்பி வகுத்துப் பார்த்தேன். எட்டு புள்ளி ஒன்பது ஐந்து.

அதை ஒன்பது என்று சொல்கிறவன், நான் பார்த்த அத்தனை திருட்டுத் தராசுக்கும் தகப்பன். தோற்றேன். ஆனால் ஜெயித்தபோது சொல்ல ஆளில்லை. இப்போது சொல்ல ஒருவன் இருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மாமா? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. உங்க அக்கா சொன்னதுதான் சரி."

பந்தயம் அவனுக்கும் தெரிந்திருந்தது.

"எவ்வளவு வந்துச்சு?"

சொன்னேன். கேனையும் எடைக்கல்லையும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எத்தனை கிலோ போட்டீங்க?"

"எழுபத்தொண்ணு."

"பெல்ட் போட்டீங்களா?"

"போட்டேன். பின்ன?"

"அவளுக்குப் பெல்ட் போட்டா மூச்சு முட்டும் மாமா" என்றான். "கழட்டி விட்டுருங்க."

கழற்றி விட்டேன். பெல்ட் இல்லாமல் கேன் சாய்ந்துவிடும். வீடு வரைக்கும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, நாற்பதைத் தாண்டாமல், குழி பார்த்து, பள்ளம் பார்த்து ஓட்டினேன். அந்த வேகத்துக்குக் குடிகாரன் கட்டாயம் ஒன்பதுக்கு மேல் கொடுத்திருப்பான். நான் அளந்து பார்க்கவில்லை.