சனிக்கிழமைக்கு ஓர் ஆள்

பீட்டர்ராஜ் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவருக்கு அல்சைமர் என்று மதுரை டாக்டர் சொன்ன நாளிலிருந்து ராயப்பன்பட்டியில் ஆளாளுக்கு டாக்டராகிவிட்டார்கள். ஒருத்தி வல்லாரையை அரைத்துக் கொடுக்கச் சொன்னாள். இன்னொருத்தி வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள். திருப்பூரிலிருக்கும் மகன், “எதுன்னாலும் ஒரு போன் போடும்மா” என்றான், போட்டால் எடுக்கமாட்டான். வாய்ச்சொல்லுக்கு எங்கள் ஊரில் என்றைக்குப் பஞ்சம் வந்தது?

அவர் மனைவி வியாகுலமேரி கேட்டதோ ஒன்றே ஒன்று. இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை தேனியில் ஒரு கூட்டம் நடக்கிறதாம். எப்படிக் குளிப்பாட்டுவது, ராத்திரி எழுந்து ‘டூட்டிக்கு நேரமாச்சு’ என்று கதவை இடிக்கிறவரை எப்படிப் படுக்கவைப்பது என்றெல்லாம் சொல்லித் தருவார்களாம். அவள் ஒழுங்காகத் தூங்கி வருஷக்கணக்காகிறது. அங்கே போய்வரும்வரை வீட்டில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அன்பியத்தில் கேட்டாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் முறைவைத்து ஒவ்வொரு வீடாகக் கூடிச் செபம் செய்வதற்குத்தான் எங்கள் சர்ச்சில் அன்பியம் என்று பெயர். தலைவர் ஆண்டனி ராஜ், பீட்டர்ராஜுக்குச் சித்தப்பா மகன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஒரு ஆளு என்ன மதினி, நாங்க எல்லாருமே வாரோம். இனிமே முறையெல்லாம் கெடையாது. சனிக்கிழமதோறும் மத்தியானம் செபம் உங்க வீட்லதான்.”

எல்லாரும் கைதட்டினார்கள். சொன்னபடி வந்தார்கள், பாடினார்கள். “தாங்குறவுகளுக்குத்தான் ஆண்டவர் சிலுவையக் குடுப்பாரு” என்று ரீட்டா வாராவாரம் சொன்னாள். காபியும் சுண்டலும் முடிந்ததும் கலைந்தார்கள். டம்ளர் கழுவும் வேலை வியாகுலமேரிக்குக் கூடுதலாகக் கிடைத்தது. தேனிக்குப் போகிறேன், கொஞ்ச நேரம் இருங்கள் என்று கேட்டால், “வீட்டுக்காரி இல்லாம செபமா மதினி?” என்றார் ஆண்டனி ராஜ். உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமலிரு என்பார்கள். இவர்கள் உபத்திரவத்தையே உபகாரமாகச் செய்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்து வந்த இரண்டாம் சனிக்கிழமை, எல்லாரும் கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து வெளியே வந்தாள். புருஷன் தெருவில் இறங்கிவிடாமலிருக்கப் போட்டிருந்த கிரில் கதவை இழுத்துப் பூட்டினாள். சத்தம் கேட்டு ஆண்டனி ராஜ் ஓடிவந்தார்.

“மதினி! என்ன இது?”

“சிலுவைப்பாதையில அஞ்சாம் ஸ்தலத்துல ஆண்டவரோட சிலுவைக்குத் தோள் குடுத்தவரும் தானா வரல தம்பி. பிடிச்சுத்தான் இழுத்துட்டு வந்தாக. கஞ்சி அடுப்படில இருக்கு, ஊதிக் குடுங்க. பாத்ரூமுக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்.”

அவள் உத்தமபாளையத்தில் பஸ் மாறித் தேனிக்குப் போனாள். இங்கே பீட்டர்ராஜ் டிக்கெட் கேட்க ஆரம்பித்தார். டிக்கெட் இல்லாத யாரையும் உட்காரவிடவில்லை. அன்பியம் முழுவதும் சுவரோரம் நின்றது. பாத்ரூமுக்குக் கூட்டிப்போன ஆண்டனி ராஜின் வேட்டி நனைந்தது. “ஏலே, யாராச்சும் ஓடியாங்கலே!” என்று அவர் போட்ட கூச்சல் கோயில்வரை கேட்டது. கேட்டவர்கள், இன்றைக்குச் செபம் உருக்கமாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

தேனியில் கூட்டம் நடக்கும் அறையில் வரிசையாக நாற்காலிகள் கிடந்தன. நர்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“மத்தவுகல்லாம் எங்கம்மா?”

“வாரோம்னுதான்க்கா சொன்னாக. வீட்ல பாத்துக்க ஆளில்லையாம். போன மாசமும் இப்படித்தான்.”

வியாகுலமேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. தான் வந்த கதையைச் சொன்னாள். வாயைப் பொத்திக்கொண்டு கேட்ட நர்ஸ், செல்போனில் ஒரு நம்பரைப் போட்டு அவள் கையில் கொடுத்தாள். எதிர்முனையில் வடுகபட்டி அன்னத்தாய். அவளும் இதே நோயில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள்.

“எனக்கும் வரணும்னு ஆசைதான்க்கா. விட்டுட்டு வர யாரு இருக்கா?”

“உங்க வீட்டுக்கு யாருமே வர மாட்டாகளா?”

“வராம என்ன? நாத்தனாரு, கொழுந்தனாரு எல்லாரும் ஞாயித்துக்கெழம வருவாக. கோழிக்கொழம்பு தின்னுட்டு, ‘அம்மாவ நல்லாப் பாத்துக்கத்தா’ன்னு சொல்லிட்டுப் போயிருவாக.”

வியாகுலமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

“கூட்டத்த ஞாயித்துக்கெழமைக்கு மாத்துங்கம்மா” என்றாள்.