வலது பக்கம் சொருகு அக்கா

அருள்குமார் வடமாலபேட்டை ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அவன் போனுக்கு ரத்னம்மா இன்னும் தினமும் சார்ஜ் போடுகிறாள். அதன் லாக் யாருக்கும் தெரியாது. ஆனாலும் மகனுடைய போன் அணைந்துவிடக் கூடாதாம். செத்தவனுக்கு எதற்குப் போன் என்று கேட்கும் தைரியம் நகரியில் எவருக்கும் இல்லை. பெற்ற மகள் பிரீத்திக்கே இல்லை.

ரத்னம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவன் குரல ஒருவாட்டி கேட்டுட்டா போதும் பிரீத்தி. அவன் லேப்டாப்லதான கீது."

திருப்பதிக் கடைகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் விளம்பரம் பேசிக் கொடுத்தவன் அருள்குமார். பேசியதெல்லாம் அதற்குள். அதுவோ நீலத் திரையோடு நின்றுபோயிற்று. சித்தூரில் ஒரு கடைக்காரன் ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்றான், தலைமுடி வெட்டுவதுபோல. ஃபார்மேட் செய்தால் தம்பியின் குரலும் போய்விடுமே. பிரீத்தி பிடுங்காத குறையாக அதை வாங்கி வந்தாள்.

அவள் வேலை பார்க்கும் திருப்பதி ஆஸ்பத்திரியில் ஹரிபாபு என்று ஒரு கம்ப்யூட்டர்காரர். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். "உள்ள இருக்கிறத தொடாம இதுலயே ஓடும்மா. ஃபைல காப்பி பண்ணிக்கோ" என்றார்.

ஞாயிறு மத்தியானம் வீட்டில் சொருகினாள். நீலத் திரை. மறுபடி நீலத் திரை. நாலாம் தடவை அழுகையே வந்துவிட்டது. தன் போனை எடுத்து, லேப்டாப் மாடலையும் கோளாறையும் எழுதித் தேடினாள். லினக்ஸுக்குப் புதியவர்கள் கேட்கும் தமிழ்க் குழு ஒன்று வந்தது. யாரோ ஒரு பெண் இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். ஒரு மகானுபாவன் ஒற்றை வரி கமாண்டு எழுதி, 'போடுங்க, எல்லாம் சுத்தமாயிடும்' என்றிருந்தான். அதற்குக் கீழே இன்னொருவர்:

'அக்கா, அவசரப்படாத. மேல சொன்னதப் போட்டா டிஸ்க்கே அழிஞ்சிடும். யார் சொன்னாலும், அது இன்னா பண்ணும்னு தெரியாம கமாண்டு போடாத. இடது பக்கம் சொருகிக்கினு இருக்கியா? வலது பக்கம் சொருகு அக்கா.'

பிரீத்தி லேப்டாப்பைப் பார்த்தாள். பென்டிரைவ் இடது பக்கத்தில்தான் இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அம்மா பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

வலது பக்கம் மாற்றினாள். திரை விழித்துக்கொண்டது. இரண்டு வழி கேட்டது. போனில் அடுத்த வரி: 'இன்ஸ்டால் பக்கமே போகாத. ட்ரை, அத மட்டும் அமுத்து.'

அமுத்தினாள். புதுத் திரை வந்தது. டிஸ்க்கைத் திறந்தால் தம்பியின் கோப்புகள் கடை பெயர் கடை பெயராக அப்படியே இருந்தன. ஒன்றும் போகவில்லை. முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவுக்குக் காப்பி போட்டாள். அப்புறம்தான் போனில் மிச்சத்தைப் படித்தாள்.

'எங்க வூட்லயும் இதே மாடல்தான். ஆயுத பூஜைக்கு எங்கம்மா சந்தனம் வெச்சி இடது பக்கத்து ஓட்டைய அடச்சிடுச்சி. அதான் அத மொதல்ல கேட்டேன்.'

பிரீத்தி இடது பக்க ஓட்டையில் ஹேர்பின்னை விட்டாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக மடியில் விழுந்தது.

எழுதினது தம்பிதான். தேதியைப் பார்த்தாள். போன வருடம். கேட்டவள் பலமனேர்க்காரி. அவளைத்தான் அக்கா என்றிருக்கிறான். அவள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அவன் விடாமல் கேட்டிருக்கிறான்: 'அக்கா, வேலை செஞ்சுதா?' இரண்டு நாள் கழித்து மறுபடியும், 'அக்கா, செஞ்சுதா?' அது லாரிக்கு முந்தின நாள்.

அழுதுகொண்டே குழுவில் தன் பெயரைப் பதிந்து, அவன் கேள்விக்குக் கீழே எழுதினாள்: 'செஞ்சுது தம்பி.' அனுப்பினாள்.

"பதில் வந்துகீது, பாரு."

அருள்குமாரின் குரல். பளிச்சென்று, விளம்பரம் பேசுகிற அதே குரல்.

லேப்டாப்பில் பிரீத்தி இன்னும் ஒன்றையும் ஓடவிடவில்லை. சாமி படத்துக்குக் கீழே, வீட்டு வைஃபையைப் பிடித்தபடி, தம்பியின் போன் வெளிச்சமாகக் கிடந்தது. இந்தக் குழுவில் பதில் வந்தால் பேசட்டும் என்று தன் குரலையே பதிந்து வைத்திருக்கிறான். பதினோரு மாதமாக அவனுக்கு யாரும் பதில் போடவில்லை.

ரத்னம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். போனை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொருவாட்டி எழுது" என்றாள்.